ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ்க் கொப்பி எதற்கு? ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

பாடசாலையில் சேர்க்கும்போது பிள்ளையின் ஆங்கிலமும் கணிதமும் எந்த அளவில் இருக்கின்றன என்று பார்ப்பார்கள். அதில் பாஸ், ஃபெயில் கிடையாது. ரியூசன் வைத்துத் தயார்ப்படுத்தினால் கிடைக்க வேண்டிய உதவிதான் குறையும். பழைய தேர்ச்சி அறிக்கையோடு பிள்ளை தமிழில் எழுதிய கொப்பி ஒன்றையும் கொண்டுபோங்கள். தாய்மொழியில் வயதுக்கேற்ப எழுத வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஈ.எஸ்.எல் (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது), இடப்பெயர்வால் படிப்பு நின்றுபோன பிள்ளைக்கு ஈ.எல்.டி (ஆங்கிலத்தோடு எழுத்தறிவையும் வளர்ப்பது). நின்ற வருடங்களை வெட்கத்தில் மறைத்தால் பிள்ளை பிழையான வகுப்பில் போய் உட்காரும்.

வீட்டில் தமிழை விடாதீர்கள். ஒளித்தொகுப்பு என்றால் என்னவென்று தெரிந்த பிள்ளைக்கு ‘போட்டோசிந்தசிஸ்’ ஒரு புதுச் சொல், அவ்வளவுதான். தெரியாத பிள்ளைக்குச் சொல்லும் புதிது, விடயமும் புதிது. ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள்: ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், பிள்ளை தானே எழுதிய ஒரு வசனம். நாளுக்கு ஐந்தாறு சொல் போதும். இணையப் பட்டியலை அப்படியே பார்த்து எழுத வேண்டாம். இலங்கையில் ஒளித்தொகுப்பு, தமிழ்நாட்டில் அதுவே ஒளிச்சேர்க்கை. கட்டுரையைத் தமிழில் திட்டமிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் எழுத விடும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். அடுத்த பாடம் எதுவென்று முதல் நாளே கேட்டு வைத்தால் இரவில் தமிழில் பேசிவிடலாம்.

தலைகுனிந்து நிற்பது நமக்கு மரியாதை; இங்கே அக்கறையின்மையாகத் தெரியலாம். முதற் சில மாதங்கள் பிள்ளை வாய் திறக்காமலும் இருக்கும். இரண்டையும் முதற் சந்திப்பிலேயே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காமல் உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

ஓரிரு வருடத்தில் பிள்ளை கூட்டாளிகளோடு ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளும். அதை நம்பி ஈ.எஸ்.எல். உதவியை நிறுத்தச் சொல்வதுதான் பெரிய பிழை. பாடப்புத்தக ஆங்கிலத்தில் மற்றப் பிள்ளைகளை எட்ட 5 முதல் 7 வருடம் வரை ஆகலாம் என்பது ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் காட்டிய கணக்கு. ஆரம்பப் பாடசாலை அறிக்கையில் 80 புள்ளியைக் கண்டு மகிழுமுன் ஈ.எஸ்.எல். பெட்டியில் அடையாளம் உண்டா என்று பாருங்கள். இருந்தால், அந்தப் பாடத்தில் எதிர்பார்ப்பை மொழிக்கேற்ப மாற்றித்தான் புள்ளி போட்டிருக்கிறார்கள்.

16 வயதில் வரும் பிள்ளைக்கு அவகாசம் குறைவு. உயர்நிலைப் பாடசாலை டிப்ளோமாவுக்கு வேண்டிய 30 கிரெடிட்டில் (பாடம் முடித்தால் கிடைக்கும் அலகு) 4 ஆங்கிலம். அதில் 3 வரை ஈ.எஸ்.எல். கிரெடிட்டால் நிரப்பலாம், நான்காவது 12ஆம் தர ஆங்கிலமாகவே இருக்க வேண்டும். வந்த மாதமே பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசகரோடு இருந்து எந்தப் பருவத்தில் எது என்று எழுதி வாங்குங்கள்.