முனீஸ்வரனுக்கும் மாமனாருக்கும் சுருட்டு சுற்றுவது

எங்கள் முனீஸ்வரனுக்கு ஆடிப் படையலில் சுருட்டு இல்லாமல் ஆகாது. கடையில் வாங்கி வைத்தாலும் சரி, வீட்டில் சுற்றி வைத்தாலும் சரி, சாமி ஒருநாளும் குறை சொன்னதில்லை. மிச்சச் சுருட்டு போய்ச் சேரும் என் மாமனார்தான் சொல்வார். இளவயதில் திருச்சி உறையூர்ச் சுருட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். சர்ச்சில் பிடித்ததே நம்ம ஊர்ச் சுருட்டுதான் என்று யாரும் கேட்காமலே சொல்லுவார். இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது. அதனால் அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் மெஷினில் சுற்றுகிறேன்.

மெஷின் பெரிய விஷயமில்லை. இரண்டு உருளை, அவற்றின் மேல் ஒரு ரெக்சின் பட்டை, அவ்வளவுதான். சிகரெட் சுற்றுவதற்கென்று விற்பது. 70 மில்லிமீட்டரிலும் 110 மில்லிமீட்டரிலும் கிடைக்கும். சுருட்டுக்கு 110 வாங்குங்கள். நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, சுண்டுவிரல் பருமனில் வரும். பெரிய சுருட்டு இதில் வராது.

இலை வாங்கும்போது எதற்கு என்று சொல்லிக் கேளுங்கள். வேதாரண்யம் பக்கத்துப் புகையிலைக்கு நல்ல பேர் உண்டு, ஆனால் அது வெற்றிலையோடு போடுகிறவர்களுக்கானது. தடிப்பும் காரமும் அதிகம். நமக்கு வேண்டியது சுருட்டு இலை. திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் அதற்கென்றே விளைகிறது. உள்ளே வைப்பதற்குக் கிழிசல் இலை இருந்தாலும் பாதகமில்லை. மேலே சுற்றுவதற்கு மட்டும் மெல்லிசாக, ஓட்டையில்லாமல், நரம்பு புடைக்காத இலையாகப் பொறுக்கி எடுத்துத் தனியாக வையுங்கள்.

அடுத்து பதம். சுருட்டு நன்றாக வருவதும் வராததும் இதில்தான் இருக்கிறது, மெஷினில் இல்லை. காய்ந்த இலையைத் தொட்டாலே நொறுங்கும். தண்ணீரில் முக்கி எடுத்தால் பிற்பாடு பற்றாது. ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து, மேலிலையை அதில் சுற்றி ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் ஒரு இலையை விரலில் சுற்றிப் பார்த்தால் சத்தமே வரக்கூடாது, வெடிக்கவும் கூடாது. உள்ளிலைக்கு இவ்வளவு ஈரம் வேண்டாம், கையால் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். பங்குனி, சித்திரைக் காற்றில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து சுற்றவே சுற்றாதீர்கள். கையில் இருக்கும்போதே இலை காய்ந்துவிடும்.

நடுநரம்பை நுனியிலிருந்து பிடித்துக் காம்புப் பக்கமாக இழுத்தால் இலை இரண்டு பாதியாகப் பிரியும். இடப்பாதி ஒரு குவியல், வலப்பாதி ஒரு குவியல். ஏன் என்று கேட்காமல் பிரித்து வையுங்கள், கடைசியில் தெரியும். கையில் கிளவுஸ் போட்டுக்கொள்வது நல்லது. ஈரப் புகையிலையின் காரம் தோல் வழியாகவும் ஏறும், தலை சுற்றும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

உள்ளிலையைத் தூளாக்க வேண்டாம். தூள் புகையோடு வாய்க்கு வரும். நீளவாக்கில் கிழித்து, மெஷினைத் திறந்து, பட்டையின் மடிப்பில் நீளவாக்கிலேயே அடுக்குங்கள். இரண்டு முனையிலும் நடுவில் இருக்கும் அளவே இருக்க வேண்டும். ஆசைப்பட்டுத் திணித்தால் புகை இழுக்க வராது. மெஷினை மூடி, இரண்டு கட்டைவிரலாலும் முன் உருளையை நம் பக்கமாக உருட்டினால் உள்ளே உருண்டு திரளும்.

சிகரெட்டுக்குத் தாள் செருகும் இடத்தில் நாம் இலை செருகுகிறோம். 11 சென்டிமீட்டர் நீளம், 7 சென்டிமீட்டர் அகலத்தில் ஓர் இலைத்துண்டு. இது மேலிலை இல்லை, உள்ளிலையைச் சேர்த்துப் பிடிப்பதற்கு. மெதுவாக உருட்டி, விளிம்பு கொஞ்சம் வெளியே நிற்கும்போது நிறுத்தி, அதில் சோற்றுக்கஞ்சியை விரலால் தடவி மிச்சத்தையும் உருட்டுங்கள். மைதாப் பசையும் ஆகும். கூடுதலாகத் தடவினால் பட்டையில் ஒட்டிக்கொண்டு அடுத்த இலையைக் கிழிக்கும், அதனால் ஒவ்வொரு தடவையும் பட்டையைத் துடைத்துவிடுங்கள். மெஷினின் வேலை இதோடு சரி.

மேலிலை கைவேலை. மூன்று விரல் அகலத்தில் நீளமாக வெட்டிய மேலிலைத் துண்டை, வழவழப்பான பக்கம் வெளியே தெரிகிற மாதிரி, சாய்வாகப் பிடித்து ஒரு முனையிலிருந்து சுற்றிக்கொண்டே போக வேண்டும். இடப்பாதி இலையை ஒரு பக்கமாகச் சுற்றினால் வலப்பாதியை எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் சிறு நரம்புகள் சுருட்டின் நீளத்தோடு படிந்து கிடக்கும். மாற்றிச் சுற்றினால் நரம்பு குறுக்கே புடைத்து நிற்கும். "ஏம்மா, இது சுருட்டா, முருங்கைக்காயா?" என்று மாமா கேட்பது அப்போதுதான். முடிவில் துளி கஞ்சி வைத்து ஒட்டி, இரண்டு முனையையும் நல்ல பிளேடால் வெட்டிவிடுங்கள். திருச்சிச் சுருட்டுக்கு இரண்டு பக்கமும் வெட்டுதான், மூடிய மூக்கு கிடையாது.

முறத்தில் பரப்பி நிழலில் இரண்டு மூன்று நாள். வெயில் பட்டால் மேலிலை விரிசல் விடும். அப்புறம் இறுக்கமான டப்பா. ஐப்பசி அடைமழையில் நம்ம பக்கம் டப்பாவுக்குள்ளும் பூசணம் பூக்கும். அந்த மாதம் அடிக்கடி திறந்து பாருங்கள், வெள்ளையாகப் படர்ந்ததைத் துடைத்து வைக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். பற்ற வைக்காமல் ஒரு தடவை இழுத்துப் பார்த்தால் காற்று வர வேண்டும். வராவிட்டால் விரல்களுக்கு நடுவே மெல்ல உருட்டித் தளர்த்தலாம். மாமாவுக்கு டாக்டர் சுருட்டே கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார். சாமிக்கு வைத்ததை மட்டும் என்று வீட்டில் ஒரு ஒப்பந்தம். அதனால் படையல் நாள் அவருக்கு மட்டும் அடிக்கடி வருகிறது.

கழித்த நரம்பை எறிய வேண்டாம். ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டினால் வெண்டையில் வரும் அசுவினிக்குத் தெளிக்கலாம். தெளித்த கையோடு காய் பறிக்காமல் சில நாள் விட்டு, கழுவிச் சமையுங்கள். தக்காளி, மிளகாய், கத்தரிக்கு மட்டும் கூடாது. புகையிலையில் இருக்கும் தேமல் நோய்க் கிருமி காய்ந்த இலையிலும் சாகாது, அந்தச் செடிகளுக்கு அப்படியே தொற்றும்.