கேம் பாய் திரையில் மறைந்த செங்குத்துக் கோடுகள்

1990இல் வெளிவந்த ‘கார்காயில்ஸ் குவெஸ்ட்’ ஆட்டத்தில், சிறிது நேரமே மிதக்கக்கூடிய ஃபயர்பிராண்ட் என்னும் நாயகனைச் சுவரில் ஒட்டவைத்து முட்களைக் கடக்க வேண்டும்; 160க்கு 144 புள்ளிகளே கொண்ட, நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாயின் திரையில் சில செங்குத்துக் கோடுகள் வெறுமையானால், எதிரியின் குண்டு அவற்றுக்குள் புகுந்து மறைந்துவிடுகிறது.

என் கேம் பாயில் இப்படி நேர்ந்தபோது நான்கு மின்கலங்களையும் மாற்றினேன், ஆட்டம் பதிந்த கேசட்டின் முனைகளை ஆல்கஹாலால் துடைத்தேன், பயனில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குக் கொண்டுபோனபோது, பழுதுபார்ப்பவர் திரையையே மாற்றச் சொன்னார்.

காட்சி நகர்ந்தாலும் கோடுகள் அதே இடத்தில் நின்றன என்பதையும், கான்ட்ராஸ்ட் சக்கரத்தைத் திருப்பித் திரை முழுவதையும் கருக்கினாலும் அவை மட்டும் வெளுத்தே இருந்தன என்பதையும் பின்னரே கவனித்தேன். ஆகவே கேசட்டின்மீது குற்றமில்லை; அந்தக் கோடுகளுக்கு மின்சமிக்ஞையே போய்ச் சேரவில்லை.

மூன்று சிறகு முனையுள்ள ஸ்குரூ டிரைவரால் உறையைத் திறந்து, திரையின் கீழ் விளிம்பிலுள்ள ரப்பர் பட்டையை நீக்கி, அதனடியில் இருந்த, திரைக்கு மின்சமிக்ஞையைக் கொண்டுசெல்லும் ரிப்பன் இணைப்பின்மீது சால்டரிங் அயர்னை மிதமான சூட்டில் மெல்ல இழுத்தேன். ஆட்டத்தை ஓடவிட்டபடியே செய்ததால், கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்புவதைக் காண முடிந்தது, பெரும் நிம்மதி. ஓரிடத்திலேயே அயர்னை நிறுத்தினால் ரிப்பன் கருகிவிடும். கிடைமட்டக் கோடுகள் மறைந்தால் இம்முறை உதவாது, ஏனெனில் அவற்றின் இணைப்பு திரையின் பக்கவாட்டில் உள்ளது.