உலோகம் – கார்பன் மோனாக்சைடு பிணைப்பை ஆர்பிட்டால் படமாக வரைவது எப்படி?

முதலில் அச்சை முடிவு செய்துகொள்ளுங்கள். உலோகம், கார்பன், ஆக்சிஜன் மூன்றும் இசட் அச்சில், ஒரே நேர்கோட்டில். உலோகத்தைப் பார்த்திருப்பது கார்பன் முனை. எலக்ட்ரான் கவர்திறன் அதிகம் என்பதால் ஆக்சிஜன்தான் ஒட்டும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கார்பன் மோனாக்சைடின் நிரம்பிய ஆர்பிட்டால்களில் (எலக்ட்ரான் இருக்க வாய்ப்புள்ள வெளிகளில்) ஆற்றல் கூடியது கார்பன் பக்கமே புடைத்திருக்கிறது; காலியான பை எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலின் (அச்சுக்கு இருபுறமும் பரவி, எலக்ட்ரான் புகுந்தால் பிணைப்பைத் தளர்த்துவது) பெரிய மடல்களும், அதாவது புடைப்புகளும், கார்பனில்தான். கொடுப்பதும் வாங்குவதும் அந்த முனையில்தான் நடக்கும்.

அடுத்து சிக்மா பிணைப்பு, அதாவது அச்சின் வழியே நேருக்கு நேர் அமைவது. கார்பனின் நிரம்பிய மடலை, உலோகத்தின் காலியான டி-இசட்ஸ்கொயர் ஆர்பிட்டாலை நோக்கி வரையுங்கள். அம்புக்குறி கார்பனிலிருந்து உலோகத்துக்கு. இது எளிது.

பின்பிணைப்பில்தான், அதாவது உலோகம் எலக்ட்ரானைக் கார்பன் மோனாக்சைடுக்குத் திருப்பித் தருவதில்தான், கவனம் தேவை. உலோகத்தின் நிரம்பிய டி-எக்ஸ்இசட் ஆர்பிட்டாலுக்கு நான்கு மடல்கள். கார்பனை நோக்கிய இரண்டில் மேலே கூட்டல், கீழே கழித்தல் குறி இடுங்கள் (இவை மின்சுமை அல்ல, எலக்ட்ரான் அலையின் குறி). பை எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலுக்கும் நான்கு மடல்கள்: கார்பனில் மேலே கூட்டல், கீழே கழித்தல், ஆக்சிஜனில் அப்படியே தலைகீழ். குறிகள் ஒத்துப்போகின்றன, மேற்பொருந்தல் கிடைக்கிறது. டி-ஒய்இசட்டுக்கும் இதையே செய்யுங்கள். டி-இசட்ஸ்கொயரை இங்கே பயன்படுத்தினால் மேல்பாதியில் கிடைப்பதைக் கீழ்பாதி அழித்துவிடும், நிகரம் சுழி.

கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே கணு (குறி மாறும், எலக்ட்ரான் இல்லாத இடம்) இல்லாமல் வரைந்திருந்தால், அது பிணைப்பு ஆர்பிட்டால். அழித்துவிட்டு மீண்டும் வரையுங்கள். அந்தக் கணு இருப்பதால்தான், உலோகம் தரும் எலக்ட்ரான் உலோகம்–கார்பன் பிணைப்பை வலுப்படுத்தும்போதே கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பைத் தளர்த்துகிறது.

படம் சரியா என்பதை அகச்சிவப்பு நிறமாலை சொல்லும்: கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு தளர்ந்தால் அதன் அதிர்வு எண் இறங்கும். தனித்த கார்பன் மோனாக்சைடின் அதிர்வு 2143 செ.மீ⁻¹. ஆறு கார்பனைல்களும் (உலோகத்துடன் இணைந்த கார்பன் மோனாக்சைடுகளும்) ஆறு டி எலக்ட்ரான்களும் கொண்ட வரிசையைப் பாருங்கள்: ஒற்றை நேர்மின்சுமையுள்ள மாங்கனீசு அயனியில் சுமார் 2090, நடுநிலைக் குரோமியம் சேர்மத்தில் சுமார் 2000, ஒற்றை எதிர்மின்சுமையுள்ள வனேடியத்தில் சுமார் 1860, இரட்டை எதிர்மின்சுமையுள்ள டைட்டானியத்தில் சுமார் 1750. உலோகத்திடம் எலக்ட்ரான் செறிவு ஏற ஏற எண் இறங்குகிறது. மாறாக, டி எலக்ட்ரானே இல்லாத போரானுடன் இணைந்த போரேன் கார்பனைலில் 2165 ஆக ஏறுகிறது: சிக்மா மட்டும் இருந்தால் இப்படித்தான்.

குரோமியம் சேர்மத்தில் ஆறு கார்பனைல்கள் இருந்தும் ஒரே வலுவான பட்டைதான் வரும். எண்முகச் சமச்சீர்மை மற்ற நீட்சி அதிர்வுகளை அகச்சிவப்பில் மறைத்துவிடுகிறது. 1850-க்குக் கீழே பட்டை கண்டதும் பின்பிணைப்பு மிகுதி என்று முடிவுகட்டாதீர்கள். இரண்டு உலோக அணுக்களுக்குப் பாலமாக நிற்கும் கார்பனைலும் அங்கேதான் தெரியும். ஒப்பிடும் சேர்மங்களை ஒரே கரைப்பானில் அளவிடுங்கள். கரைப்பான் மாறினாலே பட்டை நகர்ந்துவிடும்.