விற்கும் முன் வீட்டு முகப்பைச் சீரமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனி வீட்டை விற்பதென்று முடிவெடுத்தவுடன் பெரும்பாலானோர் முதலில் அழைப்பது பெயிண்டரைத்தான். வெளுத்துப்போன சுவரைக் காட்டி வாங்க வருபவர் விலையைக் குறைத்துக் கேட்பார் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால், சுவருக்குள் நீர் இறங்கும் வழியை அடைக்காமல் அதன்மேல் பெயிண்ட் அடிப்பதைப் போலப் பணத்தை வீணாக்கும் செயல் வேறில்லை.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேற்புற விரிசல், சன்ஷேடு சுவரோடு சேரும் மூலை, நிரம்பி வழியும் மேல்நிலைத் தொட்டி, உடைந்த மழைநீர்க் குழாய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுதான் வெளிச்சுவரின் ஈரத்துக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும். உள்ளே இறங்கிய நீர் செங்கல்லிலும் பூச்சிலும் உள்ள உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவரும். நீர் உலர்ந்ததும் அந்த உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும். அதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த எமல்ஷன் பெயிண்ட் அடித்தாலும் அது சுவரைப் பற்றாமல் கொப்பளித்து, செதில் செதிலாக உரிந்துவிடும். செப்டம்பரில் அவசரமாக அடித்து முடித்த சுவர், வடகிழக்குப் பருவமழை தீவிரமாகும் நவம்பரில், வாங்க வருபவரின் கண்முன்னேயே குறையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே கசிவை அடைத்து, கரும்பாசியைத் தேய்த்துக் கழுவி, சுவர் முழுவதும் காய்ந்தபின் ப்ரைமர் என்ற அடிப்பூச்சை அடித்து, அதன்மேல் இரண்டு கோட் எமல்ஷன் அடிப்பதே முறை. புதிதாகச் சிமென்ட் பூசிய இடங்களுக்கு ஏறத்தாழ 28 நாள்கள் அவகாசம் தர வேண்டும். இல்லையெனில் சிமென்ட்டின் காரத்தன்மையால் நிறம் திட்டுத்திட்டாக வெளிறிவிடும்.

கைப்பிடிச் சுவரிலும் குழாய் ஓரத்திலும் முளைத்திருக்கும் அரசங்கன்றைத் தண்டோடு வெட்டிவிட்டு மேலே பெயிண்ட் அடிப்பதை அடிக்கடி காண்கிறோம். பறவையின் எச்சத்தில் வந்து விழுந்த விதை, விரிசலுக்குள் வேர்விட்டு வளர்ந்த செடி அது. வேர் உள்ளேயே இருந்தால் அடுத்த மழையில் மீண்டும் துளிர்க்கும். வேர் பருக்கப் பருக்க விரிசலும் அகலும். பூச்சைக் கொத்தி எடுத்து, வேரை முழுவதுமாகப் பிடுங்கி, அந்த இடத்தைக் கலவையால் அடைத்த பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும்.

விரிசலை மறைப்பதற்காக முகப்பில் எலிவேஷன் டைல்ஸ் ஒட்டுவது இன்னொரு தவறு. வாங்குபவர் அழைத்து வரும் பொறியாளர் அதை விரலால் தட்டிப் பார்த்தாலே, பிடிப்பில்லாத இடம் பொள்ளலான ஓசை தந்துவிடும். மறைத்தது வெளிப்பட்டால், உண்மையாகவே நன்றாக இருக்கும் பகுதிகளின் மீதும் அவருக்குச் சந்தேகம் எழும். விரிசலைச் சரிசெய்து, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் ரசீதுகளையும் காட்டுவது விற்பவருக்கும் நல்லது, வாங்குபவருக்கும் நல்லது.

முகப்பு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று, அனுமதி பெறாமல் போர்ட்டிகோவை நீட்டுவதோ காலி இடத்தில் கூரை போடுவதோ விற்பனையையே முடக்கிவிடக்கூடும். தமிழ்நாட்டில் வீட்டைச் சுற்றி விட வேண்டிய இடத்தை 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வரையறுக்கின்றன. வாங்குபவர் வீட்டுக்கடன் கேட்கும்போது வங்கியின் மதிப்பீட்டாளர் நேரில் வந்து, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தோடு கட்டடத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார். வரைபடத்தில் இல்லாத பகுதி அவருடைய அறிக்கையில் இடம்பெற்றால் கடன் குறையலாம், தள்ளிப்போகலாம், மறுக்கவும் படலாம். கார் ஏறுவதற்காகத் தெருவிலோ மழைநீர் வடிகால் மீதோ கட்டிய சாய்தளமும் அழகு சேர்க்காது. உள்ளாட்சி அமைப்பு அதை எப்போது வேண்டுமானாலும் இடிக்கலாம்.

வீட்டைச் சுற்றியுள்ள மண்ணை முழுவதுமாகச் சிமென்ட் போட்டு மூடிவிட்டால் இடம் சுத்தமாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் மழைநீர் இறங்க வழியில்லாமல் அடித்தளத்தின் ஓரத்திலேயே தேங்கும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம் என்பதால், விவரம் தெரிந்தவர் அந்தக் குழி எங்கே என்று நிச்சயம் கேட்பார். அதில் படிந்த சேற்றை அள்ளி, ஜல்லியைக் கழுவிப் போட்டு, மூடியைத் திறந்து காட்டும் நிலையில் வைத்திருப்பது, முற்றம் நிறையப் பதித்த புதிய கற்களைவிட மேலான விளம்பரம். அதேபோல, இலை கொட்டுகிறது என்பதற்காக வளர்ந்த வேம்பை வெட்டிவிடக் கூடாது. மாடியில் உரசும் கிளைகளை மட்டும் கழித்தால் போதும். வெயில் காலத்தில் வீடு பார்க்க வருபவருக்கு அந்த நிழலின் அருமை சொல்லாமலே புரியும்.

நிறத் தேர்வில் சொந்த விருப்பத்தைச் சற்றே ஒதுக்கி வைப்பது நல்லது. அடர்சிவப்பும் நீலமும் நம் வெயிலில் விரைவில் மங்கும். வெளிர் நிறங்கள் பெரும்பாலோருக்கு ஏற்கும். கேட்டில் துருவைச் சுரண்டாமல் எனாமல் அடிப்பதும் வீண். சுரண்டி, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு ப்ரைமர் அடித்த பிறகே நிறம் நிற்கும். தொங்கும் கேபிள் வயர்களையும், வாசலில் வாடிச் சுருங்கிய திருஷ்டிப் பூசணியையும் எடுத்துவிட அரைமணி நேரம் போதும்.

இவ்வளவும் செய்தபின், உச்சிவெயிலில், கொடியில் துணி தொங்கும்போது படம் எடுத்து விளம்பரத்தில் போடுவோர் பலர். கிழக்கு பார்த்த வீட்டைக் காலையிலும், மேற்கு பார்த்த வீட்டை மாலையிலும், வண்டிகளை அப்புறப்படுத்திவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்று முழு முகப்பும் தெரியும்படி எடுக்க வேண்டும்.