இருபது நிமிடத்தை முழுதாகப் பயன்படுத்துவது எப்படி?

புதிதாக ஒன்றைக் கற்க நேரமில்லை என்று சொல்பவர்களில் பலர், ஒருசேரக் கிடைக்கப்போகும் இரண்டு மணி நேரத்துக்காகக் காத்திருப்பவர்கள். வேலையும் குடும்பமும் உள்ளவருக்கு அப்படியொரு பொழுது வாய்ப்பதே அரிது. வாய்க்கும் நாளிலும் உடம்பு ஓய்வைத்தான் கேட்கும். ஆகவே கணக்கை நிமிடத்தில் போடுவது நல்லது. நாளுக்கு 20 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால், 50 வாரங்களில் 83 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்துவிடும்.

இப்படித் துண்டு துண்டாகப் படிப்பதால் இழப்பும் இல்லை. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து பார்த்து 1885-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மூச்சில் 68 முறை படித்ததன் பலனை மூன்று நாட்களில் பிரித்துப் படித்த 38 முறையே தந்துவிட்டது.

முதலில், எந்த 20 நிமிடம் என்பதை முடிவு செய்யுங்கள். கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிப்பதைவிட, நாள் தவறாமல் செய்யும் ஒரு வேலையின் வாலில் அதைக் கட்டிவிடுவது எளிது: காலைக் காபி முடிந்ததும், அல்லது பிள்ளைகள் உறங்கியதும். லண்டனில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், அன்றாடச் செயல் ஒன்று பழக்கமாக ஊன்றுவதற்கான காலம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆளுக்கு ஆள் வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பதையும் அவர்கள் கண்டனர். ஒரு நாள் தவறியதற்காக மொத்தத்தையும் கைவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உண்மையில் நேரம் கரைவது தொடக்கத்தில்தான். நான் எக்செல் பழகத் தொடங்கிய புதிதில், உட்கார்ந்ததும் எந்தக் காணொளியில் விட்டேன், எந்தக் கோப்பில் செய்தேன் என்று தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். மீதியில் ஏற்கெனவே தெரிந்ததையே மறுபடி பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு, கடைசி இரண்டு நிமிடத்தை மறுநாளுக்கான குறிப்பு எழுத ஒதுக்கினேன். ‘பாடம் நான்கு’ என்று எழுதினால் அது உதவாது. ‘செலவுப் பட்டியல் கோப்பு, மூன்றாவது தாள், கூட்டுத்தொகையில் கடைசி வரிசை விடுபடுகிறது, ஏன் என்று பார்’ என்ற அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். கோப்பையும் மூடாமல் அப்படியே விட்டுவிடுவேன். மறுநாள் உட்கார்ந்த உடனே கை வேலையில் இறங்கிவிடும். வரைதலோ இசையோ பழகுபவருக்கும் இதே வழி பொருந்தும்: பென்சிலும் தாளும் மேசை மேலேயே இருக்கட்டும், வாத்தியம் உறைக்குள் போக வேண்டாம்.

காணொளி பார்ப்பதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். பயணத்திலோ வரிசையில் நிற்கும்போதோ அதைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த 20 நிமிடம் கையால் செய்து பார்ப்பதற்கு மட்டுமே உரியது. அலைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.

களைத்துப்போன நாளில், குறிப்பில் உள்ள அந்த ஒரு வரியை மட்டும் செய்துவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் எழுவதற்கு முன் அடுத்த வரியை எழுதி வைத்துவிடுங்கள்.