உதட்டில் சுள்ளென்று அடித்த ஆம்ப்

கிட்டார் கம்பியில் விரல், மைக்கில் உதடு. சுள்ளென்று ஒரு அடி! கிட்டார் ஒலியைப் பெருக்கும் 1970களின் அமெரிக்க டியூப் ஆம்ப் (வேக்யூம் டியூபில் ஓடும் ஆம்ப்ளிஃபையர்) அது. பின்பக்கம் 'கிரவுண்ட்' ஸ்விட்ச், இரண்டு முள் பிளக்.

வயரைக் கழற்றி, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்களை ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்தேன். ஆஃப் செய்த பிறகும் அவற்றில் 400 வோல்ட் வரை தங்கும், ஆளையே கொல்லும். மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே உள்ளே கை வைத்தேன்.

குற்றவாளி அந்த ஸ்விட்சில் தொங்கிய 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். கரண்ட் வரும் இரண்டு வயரில் ஏதோ ஒன்றைச் சேசிஸோடு (ஆம்பின் உலோகச் சட்டம்) இணைத்து இரைச்சலைக் குறைப்பதுதான் அதன் வேலை. அது ஷார்ட் ஆனால் சேசிஸிலேயே கரண்ட், அதோடு இணைந்த கிட்டார் கம்பியிலும். 'டெத் கேப்' என்று சும்மாவா சொன்னார்கள்? வெட்டி எறிந்தேன். ஸ்விட்ச் இப்போது வெறும் அலங்காரம். அதைக் கழற்றிப் பழைய பெட்டியில் ஓட்டை விட மனசு வரவில்லை.

சென்னை ரிச்சி தெருவில் மூன்று கோர் வயர் (லைன், நியூட்ரல், எர்த்) வாங்கினேன். "எர்த்தை ஃபுட்பாத்ல விட்றாத தம்பி" என்று சிரித்தார் கடைக்காரர். பச்சை எர்த் வயரைச் சேசிஸில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் தனி போல்ட் போட்டு இறுக்கினேன். லைன் வயர் முதலில் ஃபியூஸ், அப்புறம் பவர் ஸ்விட்ச்.

ஆனாலும் எர்த் வரவில்லை. பார்த்தால், 230-ஐ 120 ஆக்கும் என் ஸ்டெப்டவுன் பெட்டியின் அவுட்புட்டில் எர்த்தே கிடையாது! அதையும் மாற்றினேன். சுவர் சாக்கெட் எர்த்திலிருந்து சேசிஸ் வரை மீட்டர் 'பீப்' என்றது.