நாயும் பூனையும் உள்ள வீட்டில் எலித் தொல்லை

எலி மருந்தை நான் வாங்கவே இல்லை. புரோமடியோலோன் போன்ற எலி மருந்து ரத்தத்தை உறைய விடாது. அதைத் தின்ற எலியைப் பூனை கவ்வினால் பூனைக்கும் ஆபத்து.

எலியை வரவழைத்ததே நாய்த் தீனிதான். இரவில் தட்டைக் கழுவி வைத்தேன். தீனி தகர டப்பாவுக்குப் போனது. (பூனை வேடிக்கை பார்த்ததோடு சரி.) அப்புறம் ஓட்டையைத் தேடினேன். சமையலறைத் தொட்டிக்குக் கீழே, குழாய் நுழையும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்குபோலக் கறுப்புத் தடம்: எலி உடம்பு உரசி உரசிப் படிந்தது. அந்தச் சந்தில் இரும்பு நாரைத் திணித்து, மேலே சிமெண்ட் பூசினேன். உள்ளே மிச்சமிருந்தவற்றுக்கு, நாய் மூக்கு நுழையாத இடமாகப் பார்த்து, பீரோவுக்குப் பின்னால் சுவரோரம் கூண்டுப்பொறி. இரையும் அதே நாய்த் தீனிதான். புழுக்கையைப் பெருக்காமல், கிருமிநாசினியில் ஊறவிட்டுக் கையுறையோடு துடைத்தெடுத்தேன்.